ஊறுகாய் ஜாடியில் ஒரு கிட்டார்

என் மனைவியின் கிட்டாரை நான் ஊறுகாய் போட்டேன். இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் வந்து முட்டப்போகிறது. எனவே முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். எலுமிச்சங்காய்க்கென்று அவள் வைத்திருந்த வாயகன்ற கண்ணாடி ஜாடியில் வினிகர் ஊற்றி, உப்புப் போட்டு, கிட்டாரின் உலோகச் சாமான்களைக் கழற்றி அதற்குள் தொங்கவிட்டு, கரண்ட் கொடுத்தேன். மிளகாய்த்தூள் ஒன்றுதான் பாக்கி. ஐம்பது வயது தாண்டியவன், அலமாரி கொள்ளாமல் புத்தகம் வைத்திருப்பவன், அவற்றில் பாதியைப் படித்தும் இருப்பவன் செய்த காரியம் இது. அவள் கேட்டுக்கொண்டதால் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அவள் கேட்கவே இல்லை.

ஏற்காட்டில் எங்கள் வீடு கிளியூர் போகிற சாலையில், சரிவின் விளிம்பில் இருக்கிறது. மழை மாதங்களில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி மட்டும் கேட்காமல் எழுந்து போகும். துணி காயாது. அப்பளம் வாங்கி வந்த மறுநாளே துவண்டு படுத்துவிடும். இரும்பு என்று பெயருள்ள எதுவும் துருப்பிடிக்காமல் தப்பாது. மனைவியின் கிட்டாரும் தப்பவில்லை. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் தகடு ஒன்று, தலைப்பக்கத்தில் சுருதி கூட்டத் திருகும் கீகள் பக்கத்துக்கு மூன்று, அந்தக் கீகளைத் தாங்கும் பட்டைகள் இரண்டு. எல்லாம் ஒரு காலத்தில் வெள்ளையாகப் பளபளத்தவை. இப்போது பழைய கேட்டின் தாழ்ப்பாள் போல இருந்தன.

அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் பாட்டுக்குழுவில் கிட்டார் வாசிப்பாள். நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. என் வீட்டார் போகிற கோயிலுக்கும் போகிறவன் இல்லை. அந்த வகையில் கல்யாணத்தின்போது இரண்டு பக்கத்தாருக்கும் சமமான ஏமாற்றத்தைக் கொடுத்த பெருமை எனக்கு உண்டு.

ஒரு மழைச் சாயங்காலம் பாட்டுக்குழுத் தலைவர் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் எண்ணிக்கை, மூட்டை எண்ணிக்கை இரண்டிலும் பழகிய கண். பாட்டிலும் யார் குறைகிறார்கள் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்.

"ஏனுங்க டீச்சர், நான் சொல்றேன்னு வருத்தப்படக் கூடாதுங்க," என்று ஆரம்பித்தார். "ரெண்டாவது பாட்டுக்குள்ள உங்க கிட்டாரு எறங்கிப் போயிருதுங்க. அது எறங்க, பொம்பளைங்க கொரலும் கூடவே எறங்க, கடைசி சரணத்துல நாங்க ஆம்பளைங்க கெணத்துக்குள்ள நின்னு பாடறாப்பல இருக்குதுங்க."

"கம்பி மாத்திப் பாக்கறனுங்க," என்றாள் மனைவி.

"கம்பி போன மாசம்தானுங்க மாத்துனீங்க? சரிங்க, அறுப்பின் பண்டிகை வரைக்கும் பாக்கலாமுங்க. அன்னிக்கும் எறங்குச்சுன்னா கீபோர்டுதானுங்க. சேலத்துல ஒரு பையங்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறனுங்க. தாளமும் அதுலயே வந்துருதுங்க. அப்பறம் கிட்டாருக்கு அங்க வேலை இருக்காதுங்க."

காப்பியைக் குடித்து, நொம்ப நல்லா இருக்குதுங்க என்று பாராட்டி, குடையை விரித்துக்கொண்டு போனார். எங்கள் பக்கத்து மரியாதையில் பயப்பட வேண்டிய பகுதி இதுதான். கழுத்தை அறுத்தாலும் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு 'ங்க' இருக்கும்.

அவர் போன பிறகு அவள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வேண்டும் என்று, "போனால் போகட்டுமே, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தூங்கலாம்," என்றேன். ஆறுதல் சொல்வதில் எனக்குக் கைராசி கிடையாது.

"திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் எல்லாரும் எங்கிட்ட என்னமோ ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றாள். "ஊட்டுக்கு வந்தா நீங்க கேக்கறீங்க, கண்ணாடி எங்க வெச்சேன்னு. அந்த ஒரு மணி நேரந்தானுங்க எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"வேற கிட்டார் வாங்கிடலாமே?"

"வேற செருப்புப் போட்டு நடக்கலாமுங்க. வேற காலு போட்டா?"

சேலத்தில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போன் செய்து, பாகங்களை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஸ்க்ரூ ஓட்டைகளின் அளவைச் சொன்னதும், "அந்த அளவு இப்ப வர்றதில்லீங்க சார், கிட்டாரையே மாத்திருங்க," என்றார்கள். அப்போதுதான் எனக்குள் இருந்த விஞ்ஞானி கண் விழித்தான். கீகள் துருப்பிடித்திருக்கின்றன; கிட்டார் சுருதி இறங்குகிறது; ஆகவே துருவால் சுருதி இறங்குகிறது. பள்ளியில் தர்க்கம் படித்தவன் இல்லை என்றாலும் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். துருவைச் சுரண்டி, மேலே புதிதாக நிக்கல் பூசிவிட்டால் தீர்ந்தது.

வீட்டிலேயே நிக்கல் பூசுவது எப்படி என்று ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோவில் காட்டினார். அவருக்கு அது தோசை ஊற்றுகிற மாதிரி வந்தது. வினிகரில் கொஞ்சம் உப்பைக் கரைத்து, இரண்டு நிக்கல் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி, ஒரு சின்ன சார்ஜரிலிருந்து கரண்ட் கொடுத்தால், சில மணி நேரத்தில் வினிகர் இளம் பச்சையாக மாறும். நிக்கல் கரைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒரு தகட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூச வேண்டிய சாமானைத் தொங்கவிட்டால், தண்ணீரில் இருக்கும் நிக்கல் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். நிக்கல் தகடு தபாலில் வந்தது. வினிகர், ஏரிக்கரையில் கோபி மஞ்சூரியன் போடுகிறவர்கள் வாங்கும் கடையிலேயே கிடைத்தது. ஜாடி அலமாரியில் இருந்தது.

பச்சைத் தண்ணீர் விஷம் என்று தெரிந்ததும் மனைவி என்னையும் ஜாடியையும் கையுறையையும் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கு நாடு கடத்தினாள். "அந்த ஜாடி இனிமே ஊட்டுக்குள்ள வரக் கூடாதுங்க," என்றாள். அது வரவில்லை. அந்தத் தண்ணீரும் சாக்கடை பக்கம் போகவில்லை. இன்றைக்கும் ஒரு கேனில், மண்டையோடு வரைந்து, பூட்டுக்குள் இருக்கிறது. மண்டையோடு நான் வரைந்தது என்பதால் பார்க்கிறவர்கள் பூசணிக்காய் என்கிறார்கள்.

பூசும்போது நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் மலையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே கரண்ட் போனால் யாரும் சுவிட்சை அணைப்பதில்லை. மழைக்காலத்தில் எங்காவது ஒரு சில்வர் ஓக் மரம் கம்பிமேல் சாய்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் அணைத்துக்கொண்டிருந்தால் பிழைப்பைப் பார்க்க முடியாது. மிக்ஸி பாதிச் சட்னியில் நிற்கும். கரண்ட் வந்ததும் தானே உறுமி மீதியை அரைக்கும். சட்னி ஒன்றும் கோபித்துக்கொள்வதில்லை. கீழே சேலத்திலிருந்து வருகிற உறவினர்கள், ஆளில்லாத சமையலறையில் மிக்ஸி திடீரென்று அலறுவதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் நிமிராமலே, "வந்துருச்சு," என்போம்.

நான் பூசிய அன்றைக்கும் கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. சுவிட்சைத் தொடாமல் ஜாடிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து புத்தகம் படித்தேன். சார்ஜரின் பச்சை விளக்கு அணையும். கொஞ்சம் கழித்துத் தானே எரியும். விட்ட இடத்திலிருந்து நிக்கல் தொடரும் என்று நம்பினேன். சட்னி தொடர்கிறதே. பேராசையில், கீயைத் திருகினால் கம்பியை முறுக்குகிற பல்சக்கரங்களையும் சேர்த்துப் பூசினேன். எதற்கும் குறை வைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

சாயங்காலம் வெளியே எடுத்துப் பற்பொடி போட்டுத் தேய்த்தால், என்ன பளபளப்பு. என் முகமே அந்தத் தகட்டில் தெரிந்தது, அது சற்றுக் கோணலாகத் தெரிந்தாலும் அதில் தகட்டின் தவறு ஒன்றுமில்லை. மனைவி கையில் வாங்கிப் பார்த்து, "அட, நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள். நானே எல்லாவற்றையும் மாட்டினேன். மாட்டும்போது கீகள் கொஞ்சம் கனமாகத் திரும்பின. புதுச்செருப்பு கடிப்பது போல என்று விளக்கம் சொன்னேன்.

பண்டிகைக்கு முந்தைய வார ஒத்திகைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய், சர்ச் வாசலில் குடைக்குக் கீழே நின்றேன். முதல் பாட்டு ஆரம்பித்தது. நின்றது. மறுபடி ஆரம்பித்தது. ஒரு சின்ன 'டிக்' சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. பிறகு பாட்டே இல்லாமல் பேச்சுக் குரல்கள்.

உள்ளே நடந்ததை அவள் பிற்பாடு சொன்னாள். மூன்றாவது கம்பியைக் கூட்டக் கீயைத் திருகியிருக்கிறாள். பட்டையின் மேலிருந்து வெங்காயச் சருகு போல ஒரு தோல் சுருண்டு எழுந்து, பாட்டுப் புத்தகத்தின்மேல் விழுந்தது. அடுத்த திருகில் பல்சக்கரத்தின் பற்களுக்குள் இன்னொரு தோல் சிக்கி, கீ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தலைவர் அந்தச் சருகைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க டீச்சர், கிட்டாரு சட்டை உரிக்குதுங்க?" என்றாராம். பாம்பு தவிர வேறு எதற்கும் அந்தச் சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். உள்ளே வந்ததும் கிட்டாரை உறையோடு என் மடியில் வைத்தாள்.

"முன்னாடி எறங்குச்சு. இப்பத் திரும்பவே மாட்டேங்குது," என்றாள். "பண்டிகை வர்ற ஞாயித்துக்கிழமைங்க."

வாழ்க்கையில் பல வேலைகளைப் பாதியில் விட்டவன் நான். ஒரு நாவலின் முதல் அத்தியாயம் மட்டும் என்னிடம் பல பிரதிகள் இருக்கின்றன. ஆனால் அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டது. அவளுடைய இடம் துருவால் போயிருந்தால் துருவைத் திட்டிக்கொள்ளலாம். என்னால் போனது என்றால், இனி ஒவ்வொரு ஞாயிறு காலையும் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட வேண்டும். முடியாது. இதைச் சரிசெய்தே தீர்வது.

உரிந்த தோலைப் படிக்கிற கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்காக இருந்தது. நகத்தால் கீறினால் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியாகப் பிரிந்தது. ஏன் அடுக்கு? ஒரே ஜாடி, ஒரே தண்ணீர், ஒரே நாள். பூசிய அன்று சார்ஜர் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது ஞாபகம் வந்தது. கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் ஓர் அடுக்கு முடிந்து, வந்த ஒவ்வொரு தடவையும் ஓர் அடுக்கு தொடங்கியிருக்கிறது. புத்தகங்களில் தேடினேன். இருந்தது: நிக்கலுக்குக் கரண்ட் நின்றால் அது உடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொள்ளும், அதற்குப் பிறகு வருகிற நிக்கல் அந்தப் போர்வைமேல் படுக்குமே தவிர ஒட்டாது. ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. வீடியோக்காரர் இதைச் சொல்லவில்லை. அவர் ஊரில் கரண்ட் நிற்பதில்லை. சோறு வடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவர், அடுப்பு பாதியில் அணையக் கூடாது என்று தனியாகச் சொல்வாரா?

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கரண்ட் போன சேதி அதற்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆகும். அந்த விஷயத்தில் வீட்டுக்காரரைக் கொண்டு பிறந்தது என்று மனைவி சொல்வாள். அந்தக் கொஞ்ச நேரமே நிக்கலுக்குப் போர்த்திக்கொள்ளப் போதும். அதன் பேட்டரியைத் தனியாகக் கழற்றிச் சோதித்தேன்; அதில் நம்பிக்கை வைப்பதைவிட மின்வாரியத்தை நம்பலாம் போலிருந்தது.

எங்களுக்குக் கீழ் வீட்டில் ஜீப் டிரைவர் ஒருவர் குடியிருக்கிறார். காலையிலும் சாயங்காலமும் மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றிப் போவார். நடுப்பகலில் வண்டி சும்மா நிற்கும். எப்போதும் மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி நிற்கும், தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்வதற்கு வசதியாக. அவரிடம் போனேன்.

"பேட்டரியை ஒரு நாள் கழட்டித் தர முடியுமா?"

"கழட்டறதுங்ளா?" என்று சிரித்தார். "அது கம்பியும் கயிறும் போட்டுக் கட்டி வெச்சதுங்ணா. கழட்டுனா மறுபடி மாட்ட இன்னொரு ஜென்மம் எடுத்து வரோணும்."

"அப்ப வண்டியிலேயே இருக்கட்டும். எங்க ஊட்டுப் பின்னால வரைக்கும் கம்பி இழுத்துக்கறேன். காலை டிரிப் முடிஞ்சதிலருந்து சாயங்கால டிரிப் வரைக்கும்."

"அப்பறம் வண்டி ஸ்டார்ட் ஆகுமுங்ளா?"

"இப்ப ஆகுதா?"

கொஞ்சம் யோசித்தார். "அதுஞ் சரிதானுங்ணா."

பேட்டரியின் வேகம் ஜாடிக்கு அதிகம். நடுவில் ஒரு சின்ன பல்பு இருந்தால் அது வேகத்தை மட்டுப்படுத்தும். வண்டி பல்பு ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். "இடது பக்கம் இண்டிகேட்டர்ல இருக்குதுங்ணா, எடுத்துக்கங்க. வயரு போயி நொம்ப நாளாச்சு, எரிஞ்சதேயில்ல. புதுசாட்டமே இருக்கும். நான் கையத்தான நீட்டறேன்."

அந்த வாரம் முழுக்க உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். முதலில் என் பரோட்டாவை உரித்தேன். பிறகு அதற்குக் கீழே மிச்சமிருந்த துருவை. விரல் நுனிகள் வழவழவென்று ஆகி, போன் என் கைரேகையை அடையாளம் காண மறுத்தது. பல்சக்கரங்களில் இருந்த நிக்கலைச் சுரண்டி எடுத்ததோடு சரி. இந்தத் தடவை அவற்றுக்கு ஒன்றும் பூசுவதில்லை என்று முடிவு. தகடும் பட்டைகளும் மட்டும். பாத்திரம் துலக்குகிற சோப்பால் கழுவி, மேலே தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். வழிகிற வரைக்கும் கழுவினேன். என் சட்டைக் காலருக்கு நான் இந்த மரியாதையைக் கொடுத்ததில்லை என்று மனைவி ஜன்னலிலிருந்து சொன்னாள். அவள் பேச ஆரம்பித்ததே எனக்குப் பாதி தெம்பு.

சனிக்கிழமை. ஜீப் காலை டிரிப் முடித்து வந்து இறக்கத்தைப் பார்த்து நின்றது. பானெட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து இரண்டு கம்பிகளைக் கொய்யா மரத்துக் கிளைவழியாகத் துவைக்கிற கல்லுக்குக் கொண்டுவந்தேன். ஒரு செப்புக் கம்பியில் மூன்று சாமான்களையும் கட்டி ஜாடிக்குள் இறக்கினேன். நடுவில் இருந்த இண்டிகேட்டர் பல்பு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, மங்கலாக எரிந்தது. அந்த வெளிச்சம் இருக்கிற வரைக்கும் கரண்ட் ஓடுகிறது. எனக்கு இருந்த வேலை அதைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே.

பார்த்தேன். உள்ளே மிக்ஸி நின்றது, அலறியது, மறுபடி நின்றது. பல்பு அசையவில்லை. தூறல் போட்டது. மனைவி குடையோடு வந்து, கம்பி முடிச்சுகளுக்கு மேலே பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தலைக்கு மேலே பிடிக்கவில்லை. சரியான முடிவு.

கடைசிக் கட்டத்தில், சாயங்கால டிரிப்புக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே, ஜீப் பக்கம் சத்தம் கேட்டது. மஞ்சக்குட்டை பஸ் வரவில்லையாம். சந்தைச் சாமான்களோடு ஆட்கள் நேராக ஜீப்புக்கு வந்து ஏறிவிட்டார்கள். அரிசிப் பை, எண்ணெய்க் கேன், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் கோழிக்குஞ்சுகள். முன்சீட்டில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்து, திறந்த பானெட்டையும் கொய்யா மரத்தில் தொங்கிய கம்பிகளையும் பார்த்தார்.

"ஏஞ்சாமி," என்று டிரைவரிடம் கேட்டார், "வண்டிக்குக் குளுக்கோஸ் ஏத்தறாங்களா?"

"ஏத்தலீங்க ஆத்தா. எறக்கறாங்க."

"எறக்கி?"

"அந்த அண்ணன் கிட்டாருக்கு முலாம் பூசறாருங்க."

ஜீப்பிலிருந்த எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பின் சீட்டிலிருந்து ஒரு ஆண் குரல்: "ஏனுங்க, எங்களுக்கு இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போகோணுமுங்க. பூச்ச நாளைக்குப் பூசிக்கலாமுங்க." இன்னொருவர் பொறுமை இழந்து கையை நீட்டி ஹாரனை அழுத்தினார். பல்பு சட்டென்று மங்கியது. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து, "ஹாரன் அடிக்காதீங்க!" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததை அந்த மலையில் யாரும் கேட்டதில்லை, நானும்தான். பல்பு அணையவில்லை. மெல்லப் பழைய மங்கலுக்கு வந்தது.

நான் போய் நிக்கலின் படலத்தைப் பற்றி அவர்களுக்கு விளக்கத் தயாரானேன். அதற்குள் மனைவி குடையை என் கையில் கொடுத்துவிட்டு ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நாளைக்குப் பண்டிகைக்கு நான் வாசிக்கோணுமுங்க," என்றாள். "இது முடியலீன்னா அப்பறம் எப்பவும் வாசிக்க முடியாதுங்க. கால் மணி நேரம் பொறுத்துக்கங்க."

யாரிடமும் எதையும் கேட்காதவள். இருபது வருஷத்துக்கும் மேலாக உடன் வாழ்கிறேன், அவள் ஓர் அந்நியரிடம் ஓர் உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. நான் பல்பைப் பார்ப்பதாக நடித்தேன்.

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன கண்ணு?" என்றார் முன்சீட்டு அம்மா. "இருக்கறம். இருட்டுனா லைட்டு இருக்குது." பிறகு பின்னால் திரும்பி, "எவனும் ஆரன் மேல கை வெக்கப்படாது," என்றார்.

"லைட்டு எரியாதுங்க ஆத்தா," என்றார் டிரைவர்.

"நீ சும்மா இரு."

கோழிக்குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. நேரம் ஆனதும் சாமான்களை வெளியே தூக்கினேன். முதல் தடவை போல முகம் தெரியவில்லை. சாம்பல் கலந்த வெள்ளையாக, அடக்கமாக இருந்தது. நகத்தால் கீறினேன். கத்தி முனையால் கீறினேன். உரியவில்லை. மனைவி தன் நகத்தால் கீறிப் பார்த்தாள். என் நகத்தை நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இருந்தது. உரியவில்லை.

கம்பிகளைக் கழற்றி, பானெட்டை மூடி, எல்லோரும் இறங்கி வண்டியைத் தள்ளினோம். டிரைவரும் அரிசிப் பையும் மட்டும் உள்ளே. இறக்கத்தில் நாலு எட்டு போனதும் எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. அத்தனை பேரும் ஓடி ஏறினார்கள். இருட்டு இன்னும் முழுதாக வரவில்லை.

திருப்பி மாட்டுவதற்கு மனைவி என்னை அனுமதிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு மேஜையில் உட்கார்ந்து, தானே எல்லாவற்றையும் மாட்டி, கம்பி கட்டினாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அதையாவது பாதியில் நிறுத்தாமல் போட்டேன்.

மறுநாள் நானும் சர்ச்சுக்குப் போனேன், கடைசி பெஞ்சில். முன்னால் பீடத்தைச் சுற்றிலும் அறுவடைக் காணிக்கையாகப் பூசணி, வாழைத்தார், ஆரஞ்சு, மிளகு மூட்டை, காப்பிப் பழக் கொத்து என்று குவிந்திருந்தது. முதல் பாட்டு நன்றாகப் போனது. முதல் பாட்டு எப்போதும் நன்றாகத்தான் போகும். இரண்டாவது பாட்டில் தலைவர் தன் புத்தகத்தைப் பார்க்கவில்லை, கிட்டாரின் தலையையே பார்த்தார். நான் முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சரணம் முடியும்போதும் அடுத்த சரணத்தில் இறங்கிவிடும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. கடைசிச் சரணத்தில் ஆண்கள் கிணற்றுக்குள் இல்லை, தரைமேல் நின்று பாடினார்கள். என் மனைவி யாரையும் பார்க்காமல், ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியில்லாத முகத்தோடு வாசித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போயிருந்தால்தானே பார்த்திருப்பேன்.

ஆராதனை முடிந்து, காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதற்கு முன்னால் தலைவர் வந்தார்.

"டீச்சர், நல்லா நின்னுச்சுங்க. சேலத்துப் பையனுக்கு வேண்டாமுன்னு சொல்லிர்றனுங்க," என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்கதான் பண்ணுனீங்களாமா? நொம்பப் பொறுமைங்க உங்களுக்கு," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் போதையில்தான் ஏலத்தில் தேவையில்லாமல் ஒரு பெரிய பூசணிக்காயை எடுத்தேன். அதைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடக்கும்போது, இடைவிடாத கரண்ட் என்பது வெறும் ரசாயனம் மட்டும் இல்லை, அது ஒரு வாழ்க்கை முறை, ஆரம்பித்ததை முடிக்கிற வரைக்கும் கை எடுக்காமல் இருந்தால் எதுவும் ஒட்டும், கிட்டாரின் சுருதி நின்றதே அதற்குச் சாட்சி என்றெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தேன். அவள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் கேட்டுக்கொண்டு வந்தாள். வளைவு திரும்பியதும் சொன்னாள்:

"அந்தப் பல்சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்குதுங்க. எல்லாமே லூசா கெடந்துச்சு. நேத்து மாட்டறப்ப இறுக்கிட்டேன், அதனாலதான் எறங்கல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, நியாயத்துக்குக் கட்டுப்பட்டவளாக, சேர்த்துக்கொண்டாள்: "பூச்சும் நல்லாத்தானுங்க இருக்குது. பாக்கறதுக்கு."